மாமனாரோடு களவா பிடிக்கப் போனது

கோயம்புத்தூர்க்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். படகில் குப்புறப் படுத்துக் கிடந்த நேரம் முழுக்க நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உண்மையில் நான் கடலுக்காகப் போகவில்லை. மனைவியையும் குழந்தையையும் அழைத்துவரப் போனேன். தலைப்பிரசவத்துக்குக் கடலூர் போன செண்பகத்துக்குப் பெண் பிறந்து, அது தவழ ஆரம்பித்து, கீழ்வரிசையில் இரண்டு பல்லும் முளைத்துவிட்டது. நான் இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் எங்கள் மில்லில் லீவு என்று வாயெடுத்தால் மானேஜருக்கு முகம் சிவந்துவிடும். எப்படியோ ஐப்பசி பிறந்த கையோடு சில நாள் கிடைத்தது. மழை பிடித்துக்கொள்வதற்குள் இருவரையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவதாக அம்மாவிடம் ஜம்பமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கியதுமே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் ஐப்பசி என்றால் காலையில் போர்வையை விட மனசு வராது. இங்கே சட்டையையே கழற்றி எறியலாம் போலிருந்தது. மாமியார் கொடுத்த காப்பியில் சர்க்கரைக்குப் பதில் வெல்லமும், கிணற்றின் உபயத்தில் கொஞ்சம் உப்பும் இருந்தன. ஆனால் மத்தியானம் இலையில் விழுந்த சுறாப்புட்டைத் தின்றபிறகு கடலூர் மேல் இருந்த குறைகளையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மாமனாருக்குக் கோயில் தெருவில் தகரப் பெட்டிக் கடை. கல்யாணப் பெண்கள் கொண்டுபோகும் பூப்போட்ட டிரங்குப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். குழந்தை எங்கே என்று கேட்டேன். "கடைல இருக்குது" என்றாள் செண்பகம், ஏதோ அது கணக்குப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறாற்போல. போய்ப் பார்த்தால், மாமா உட்காரும் பலகைக்குப் பக்கத்தில் மூடி திறந்த ஒரு பெரிய பெட்டி. உள்ளே துண்டு மெத்தையில் என் மகள் கட்டைவிரலைச் சப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. தூக்கலாம் என்று குனிந்தேன்.

"இப்பதான் கண்ணசந்தா, எழுப்பாதீங்க" என்றார் மாமா.

அந்த நேரம் ஒருவர் வந்து அதே பெட்டியைக் காட்டி விலை கேட்டார். "அது விக்கிறதுக்கு இல்ல" என்று மாமா சொன்ன விதத்தில் வந்தவர் வேறு பெட்டிகூடக் கேட்காமல் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தை எடுத்தேன். மாமியார் உடனே, "மழ காலத்துல கைக்கொழந்தையத் தூக்கிகிட்டு ரயில்லயா? கார்த்திகை, மார்கழி போவட்டும்" என்றார். நான் மில், லீவு, அம்மாவின் முழங்கால் வலி என்று என்னிடமிருந்த காரணங்களையெல்லாம் வரிசையாக அவிழ்த்துவிட்டேன். மாமா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கிக் காலைல கடலுக்குப் போறோம், மாப்ள. சீசன் முடியப்போவுது. வாடக் காத்து கௌம்பிட்டா அப்புறம் தை வரைக்கும் ஒண்ணும் கெடையாது. நீங்களும் வாங்க. ஒரு களவா புடிங்க. புடிச்சிட்டீங்கன்னா மறு பேச்சு இல்ல, பொண்ணயும் கொழந்தையையும் கையோட அழைச்சிகிட்டுப் போங்க. இல்லன்னா தை பொறக்கட்டும்."

செண்பகத்தின் தம்பி தணிகாசலத்துக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. "மாமா, களவான்னா கொளத்துக் கெண்ட இல்ல. பார்ல பொந்துக்குள்ள பூந்துகிட்டுக் கெடக்கும். இழுத்தா ஆளயே உள்ள இழுத்துடும்" என்றான். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

இரவு செண்பகத்திடம், உனக்கு வர இஷ்டம்தானா என்று கேட்டேன். "வரணும்னுதான் பொடவையெல்லாம் மடிச்சி வெச்சிருக்கேன்" என்றாள். "எங்கப்பா சொன்ன சொல்ல மாத்த மாட்டாரு. ஆனா நீங்க புடிக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சிதான் சொல்லியிருக்காரு."

எனக்கு ரோஷம் வந்தது. சிறுவயதில் நொய்யலில் ஒரு குரவை மீனைத் துண்டை விரித்துப் பிடித்ததைச் சொன்னேன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாமாவுக்குப் பெட்டி வியாபாரம் வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்குக் கடல். ஒவ்வொரு வருஷமும் சீசன் முடியும் சமயம் ஓ.டி.யில் பாவாடை என்பவரின் பாய்ப்படகை ஒரு நாள் பூராவும் வாடகைக்குப் பேசிக்கொண்டு அடிமீன் பிடிக்கப் போவார். ஓ.டி. என்றால் ஓல்டு டவுன், கடலூர் முதுநகர். வெள்ளைக்காரன் வைத்த பெயரை இந்த ஊரில் ஆச்சிகள்கூடச் சொல்கிறார்கள். பாவாடை என்பது இந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளைப் பெயர் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால், படகுக்காரர் பெண்ணா என்று நான் கேட்டு மானத்தை இழந்திருக்க மாட்டேன்.

விடிவதற்கு முன்பே மாமா, தணிகாசலம், நான் மூவரும் கிளம்பினோம். வாசற்படி இறங்கும்போது, மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, "எங்கீங்க மாமா போயிப் படகு ஏறோணும்?" என்று கேட்டேன்.

மாமா ஒற்றைக் காலைத் தெருவில் வைத்தபடி நின்றுவிட்டார். பிறகு திரும்பி வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்தார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்தார். கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி புதிதாகக் கிளம்ப வேண்டும். எங்கள் ஊரிலும் உண்டுதான். ஆனால் சங்கு ஊதியதும் மில்லுக்கு ஓடுகிறவனுக்கு உட்கார ஏது நேரம்? எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"வாய் தவறிடுச்சுங்க" என்றேன்.

"வாயத் தைக்கறதுக்கு ஒரு ஊசி கெடைக்குமான்னு பாரு" என்று மாமா செண்பகத்திடம் சொன்னார்.

பாவாடை வாட்டசாட்டமான ஆள், குரல் அதைவிடப் பெரிது. கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடையில் தம்மைவிடப் பெரிய படகோட்டி கிடையாது என்பதை நான் படகில் ஏறி உட்காருவதற்குள்ளேயே எனக்குத் தெரிவித்துவிட்டார். உப்பனாற்றில் படகு நழுவிப் போனது. இதமான கரைக்காற்று. ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் போனபோது, எனக்கு ஒரே பரவசம். மீன் எந்த இடத்தில் இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆவலில், பாவாடையைப் பார்த்து, "இப்ப எங்கீங்க போறோம்?" என்று கேட்டுவிட்டேன்.

தணிகாசலம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பாவாடை என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார். "முதலாளி, யாரு இவுரு?"

"எம் மாப்ள" என்றார் மாமா. தகரப் பெட்டியில் ஓட்டை விழுந்துவிட்டதைச் சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல்.

படகைத் திருப்பிவிட்டார்கள். வந்த வழியே வந்து, கரையில் எல்லோரும் இறங்கி, தண்ணீர் குடித்து, வெற்றிலை போட்டு, மறுபடி ஏறினோம். அதற்குள் வெயில் வந்துவிட்டது, கரைக்காற்றும் விழுந்துவிட்டது. பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அதுவும் படகின் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு.

கடல் மயக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்படுவது வேறு. முதல் நாள் தின்ற சுறாப்புட்டு, தான் பிறந்த இடத்துக்கே திரும்பிப் போனது. "பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு மணி நேரம் இருக்கும், அப்புறம் ஜாஸ்தி ஆயிடும்" என்று தணிகாசலம் ஆறுதல் சொன்னான்.

பார் எங்கே கிடக்கிறது என்பதில் மாமாவுக்கும் பாவாடைக்கும் சண்டை வந்தது. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்கள் ஒன்றின் பின் ஒன்றாக வந்து சேர்ந்தால் படகு பாருக்கு நேர் மேலே இருப்பதாக அர்த்தமாம். மாமா ஒற்றைப் பனையும் சவுக்குத் தோப்பின் ஓரமும் என்றார். பாவாடை, அந்தப் பனை போன புயலிலேயே விழுந்துவிட்டது, முதலாளி பார்ப்பது வேறு பனை என்றார். வருஷா வருஷம் வருகிறவனுக்கு என் பனை தெரியாதா என்று மாமா கத்தினார். கடைசியில் இரண்டு பேரும் சொன்ன இடத்துக்கு நடுவில் நங்கூரக் கல்லை இறக்கினார்கள். அது யாருடைய பார் என்று கடைசிவரை தீரவில்லை.

தூண்டில் என்றால் மூங்கில் கழி என்று நினைத்திருந்தேன். இங்கே கழி கிடையாது. நீளக் கயிறு, நுனியில் ஈயக் குண்டு, முள்ளில் இரையாகக் கணவாய் மீன் துண்டு; கையாலேயே விட்டு, குண்டு தரையில் தட்டியதும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் விட்டேன். தட்டியதா தட்டவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தலை சுற்றியதுதான். மாமாவும் தணிகாசலமும் சங்கராவும் கெளுத்தியுமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் கயிறு நிற்காமல், அதைக் கால் கட்டைவிரலில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு, துண்டால் முகத்தை மூடிப் படுத்துவிட்டேன். தை மாதத்தில் லீவு கிடைக்குமா, கிடைக்காவிட்டால் என் மகள் நடக்கப் பழகியபிறகுதான் என்னை மறுபடி பார்ப்பாளா என்று யோசித்ததில் அழுகை வந்தது. மயக்கத்தோடு மயக்கமாகக் கொஞ்சம் அழுதேன்.

அப்போது யாரோ என் கால் விரலைப் பிடித்துக் கடலுக்குள் இழுத்தார்கள்.

நான் போட்ட கூச்சல் தேவனாம்பட்டினம் வரை கேட்டிருக்கும். விரல் முன்னே போக, காலும் அதன் பின்னால் நானும் படகின் விளிம்புக்கு வந்துவிட்டோம். தணிகாசலம் என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். மாமா பாய்ந்து கயிற்றைப் பற்றினார். "உடாதீங்க! உள்ள பூந்துடும், உடாதீங்க!" என்று பாவாடை அலறினார். எப்படி விடுவேன், கட்டியிருப்பது என் கால் அல்லவா? மூன்று பேர் இழுத்ததில் கடைசியாக மேலே வந்தது ஒரு தடித்த, புள்ளி விழுந்த, வாய் பிளந்த பிராணி. எங்கள் மானேஜரின் முகத்தை முதலில் பார்த்தபோதும் எனக்கு இதே பயம்தான் ஏற்பட்டது.

"களவா" என்றான் தணிகாசலம் மெதுவாக.

"களவாதான்" என்றார் பாவாடை.

மாமா என் விரலிலிருந்து கயிற்றைப் பிரித்து, ரத்தம் வழிந்த இடத்தில் தம் துண்டைக் கிழித்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "இது கணக்குல வராது, மாப்ள" என்றார். "கையால புடிச்சாத்தான் புடிச்சது. இது கால் புடிச்சது. இழுத்தது நானு."

"காலும் என்னுதுதானுங்களே மாமா" என்றேன்.

வழக்கு முடிவதற்குள் வாடைக் காற்று வந்துவிட்டது. வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. காலையில் நேரத்தோடு கிளம்பியிருந்தால் இதற்குள் கரை சேர்ந்திருப்போம் என்று பாவாடை சொன்னார். ஏன் நேரத்தோடு கிளம்பவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்ததோடு சரி. காற்றும் நீரோட்டமும் சேர்ந்து தெற்கே தள்ள, கடலூருக்குப் புறப்பட்ட படகு கிள்ளைப் பக்கம் ஒரு கழிமுகத்தில் போய்ப் புகுந்தது. காற்று அடங்கியபின் படகைக் கொண்டுவருவதாகப் பாவாடை அங்கேயே தங்கிவிட்டார். சில்லறை மீன்களையெல்லாம் அவரிடமே விட்டுவிட்டோம். களவாவை மட்டும் உப்பைத் தூவி, ஈரக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டோம். வடக்கே போகும் பாசஞ்சர் போய்விட்டது என்றார்கள். ஒரு மாட்டு வண்டியைப் பிடித்துச் சிதம்பரம் வந்து சேர்ந்தோம்.

சிதம்பரத்துக்கு எல்லோரும் நடராஜரைப் பார்க்க வருவார்கள். நான் வந்த கோலம் யாருக்கும் வரக்கூடாது. காலில் ரத்தக் கட்டு, வேட்டியில் மீன் செதில், தலையில் சொட்டும் கோணி. கீழவீதியில் எதிரே வந்த ஒரு பெரியவர் என்னைக் கண்டதும் எதிர்ச்சாரிக்கு மாறிக்கொண்டார். இரண்டு நாய்கள் மட்டும் சிநேகமாகக் கூட வந்தன. மாமா தெருவிலேயே நின்று கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் கும்பிட ஆசைதான். கையை எடுத்தால் களவா விழுந்துவிடும்.

ஓட்டல்காரர் மீனோடு உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே முறை போட்டுச் சாப்பிட்டோம். மாமாவும் மச்சானும் போன பிறகு என் முறை வந்தது. இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும். காலி வயிற்றில் அந்தக் கொத்சு இறங்கியபோது, இந்த உலகத்தில் கடல் என்று ஒன்று இருப்பதையே மன்னித்துவிட்டேன். கோயம்புத்தூரிலும் இட்லி உண்டு. ஆனால் இதைத் தொட்டுக்கொள்ள அங்கே யாருக்கும் தோன்றவில்லையே என்று எங்கள் ஊர்மேல் வருத்தம் வந்தது.

பஸ் கரி பஸ். பின்னால் அடுப்பு வைத்து, கரியை எரித்து அந்தப் புகையில் ஓடுவது. யுத்தத்தில் வந்தது, பெட்ரோல் இன்னும் சரியாகக் கிடைக்காததால் போகவில்லை. புவனகிரிக்கு முன்னால் ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் ஒற்றைக் காலால் தள்ளினேன்.

மறுபடி ஏறியபோது கண்டக்டருக்கு மீன் நாற்றம் உறைத்தது. "இன்னா பெரியவரே, கோணில?" என்றார்.

"களவா" என்றார் மாமா.

"ஆரு புடிச்சது, நீங்களா?"

மாமா பதில் சொல்லத் தயங்கினார். தணிகாசலம் குறும்புக்காரன். "எங்க மாமா. கோயமுத்தூரு" என்று என்னைக் காட்டினான்.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கோலம் அவருக்குச் சிரிப்பை மூட்டியிருக்க வேண்டும். "கோயமுத்தூரா? அவுங்களுக்கு மீனுன்னா இன்னா தெரியும்? சந்தைல வாங்கி வந்திருப்பாரு" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், அவர் சொன்னதில் தப்பில்லையே.

மாமாதான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார். "இன்னா சொன்ன? சந்தைல வாங்கினாரா? எம் மாப்ளயப் பாத்து எவன் சிரிக்கறது? இந்தக் களவாவ யாரு புடிச்சதுன்னு நெனச்ச? எம் மாப்ளதான்! ஒத்த ஆளா! கையாலகூட இல்ல, ஒத்தக் கால்ல! எங்க, உங்க ஊர்ல ஒருத்தன் புடிக்கட்டும் பாப்போம்!"

பஸ்ஸில் சத்தம் அடங்கிவிட்டது. ஒரு அம்மாள் என் காலைக் குனிந்து பார்த்து, "ஐயோ, பாவம்" என்றாள். அதன்பின் வழியில் ஏறியவர்களுக்கெல்லாம் மாமாவே வலியச் சொன்னார். குறிஞ்சிப்பாடி வருவதற்குள் மீன் ஒரு சுற்றுப் பெருத்து, நான் கடலில் குதித்தும் விட்டேன். கடலூர் நெருங்க நெருங்க அவர் பேச்சுக் குறைந்தது. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு பஸ் சனத்தைச் சாட்சி வைத்துத் தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்கும். ஜெயித்தவன் நான். ஆனாலும் அவர் பிடரியைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

வீட்டில் மாமியாரிடம், "மாப்ள களவா புடிச்சிட்டாரு. துணிமணியெல்லாம் எடுத்து வையி" என்று மட்டும் சொன்னார். செண்பகம் கோணியை அவிழ்த்து மீனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. மீன் கால்விரலில் மாட்டிய கதையை அவளிடம் சொல்ல அவசரமில்லை என்று முடிவு செய்தேன்.

குழம்பு எப்படி இருந்தது என்று எழுதினால் உங்களுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். மீன் தலையை மாமியார் என் இலையில் வைத்தார். மாமா சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் ரயில். வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. பெட்டிக் கடை மருமகன் என்பதால் பூப்போட்ட புதுப் பெட்டி இரண்டு கிடைத்தன. குழந்தை தூங்கும் பெட்டியையும் கேட்டுப் பார்த்தேன். "அது கடைல இருக்கட்டும்" என்றார் மாமா. மாமியார் அழுதார், செண்பகம் அழுதாள். மாமா அழவில்லை. சுவரோரம் நின்று வண்டிக்காரனிடம் குதிரையின் லாடத்தைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் முதலில் வாசற்படி இறங்கினேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செண்பகம் படியில் கால் வைத்தாள்.

"எங்கம்மா போறீங்க?" என்றார் மாமா.

வண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். மாமியார் அழுகையை நிறுத்திவிட்டார். "உங்களுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? கௌம்பற நேரத்துல கேக்கற கேள்வியா இது?"

"வாய் தவறிடுச்சி" என்றார் மாமா. என்னைப் பார்க்கவில்லை. "இனிமே இன்னா பண்றது? உள்ள வாங்க, மாப்ள. செத்த குந்துங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் கௌம்பணும்." சொல்லும்போதே அவர் கை இரண்டும் குழந்தையை வாங்க நீண்டுவிட்டன.

திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தோம். மாமா சுவரில் சாய்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டார். அது அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. மாமியார் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். நிதானமாகக் குடித்தேன். ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதுவது கேட்டது.

நான் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டேன்.